மாளிகையைக் கண்டோம்; கணக்கைக் கண்டோமா?

சென்ற கோடை விடுமுறையில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பகுதிகளைச் சேர்ந்த சில குடும்பங்கள் ஒன்றுகூடிப் பேருந்து ஒன்றை அமர்த்திக்கொண்டு தென்கரைக்குப் பயணம் சென்றோம். ஏர்வாடியில் ஓரிரவு, மறுநாள் கீழக்கரை, அதற்கடுத்த நாள் காயல்பட்டினம். பெரியவர்களுக்கு ஜியாரத் நோக்கம். பிள்ளைகளுக்குக் கடல் நோக்கம். இவற்றோடு, ‘நம்மவர்கள் கட்டிய மாளிகைகளைப் பிள்ளைகள் கண்ணால் காண வேண்டும்’ என்பது பயணத்தை ஏற்பாடு செய்த அன்பர்களின் நோக்கம். நாமும் அதனை மனமார வரவேற்றே உடன் சென்றோம்.

திரும்பி வரும் வழியில் விழுப்புரத்தருகே தேநீர் அருந்த வண்டி நின்றபோது, நம் மதிப்புக்குரிய பெரியவர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். “ஹஜ்ரத், தவறாக நினைக்கக் கூடாது. பிள்ளைகளுக்கு நம் சமுதாயத்தின் பெருமையைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் அழைத்து வந்தோம். நீங்களோ ஒவ்வொரு வீட்டு வாசலிலும், ‘இது யாருடைய உழைப்பு? இந்தப் பணம் எங்கிருந்து வந்தது?’ என்று கேட்டுக்கொண்டே வந்தீர்கள். பிள்ளைகளும் அப்படியே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். பெருமையெல்லாம் கரைந்து போயிற்றே!” என்றார்.

அன்று அவருக்கு நாம் அளித்த விடை அரைகுறையானது. அதற்குள் ஓட்டுநர் ஒலி எழுப்பிவிட்டார். முழு விடையை இங்கே எழுதுகிறோம். அவருக்கு மட்டுமன்று, அடுத்த விடுமுறைக்கு இப்போதே பேருந்து பேசிக்கொண்டிருக்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் இது உரியது.

மாளிகை பார்க்கப் போவதை நாம் எதிர்க்கவில்லை. முன்னோர் வாழ்ந்த இடங்களைக் காண்பது அறிவுக்கு விருந்து. கணக்குக் கேளாமல் வாய்பிளந்து பார்த்துவிட்டு, அந்த வியப்பையே வரலாறு என்று பிள்ளைகள் தலையில் ஏற்றுவதைத்தான் எதிர்க்கிறோம். மறுமையில் மனிதனிடம் அவன் ஆயுளைப் பற்றியும் அறிவைப் பற்றியும் உடலைப் பற்றியும் ஒவ்வொரு கேள்வி கேட்கப்படும் என்றும், செல்வத்தைப் பற்றி மட்டும் எவ்வழியில் ஈட்டினாய், எவ்வழியில் செலவிட்டாய் என இரண்டு கேள்விகள் உண்டு என்றும் நம் மதரஸாக்களில் சிறு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறோம். இறைவன் கேட்கவிருக்கும் கேள்வியை ஒரு மாளிகை வாசலில் மாணவன் கேட்டுவிட்டால் மட்டும் அது மரியாதைக் குறைவாகிவிடுமோ?

மொழி கற்ற நமக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. அரபியில் ‘கஸ்ர்’ என்றால் மாளிகை. பயணி தன் தொழுகையைச் சுருக்கித் தொழுவதற்கும் ‘கஸ்ர்’ என்றே பெயர். சுருங்குதல், குறைதல் என்னும் பொருள்களும் அதே வேரில் அடங்கியுள்ளன. தமிழிலோ ‘இல்’ என்றால் வீடு. ‘இல்’ என்றாலே இன்மையும் ஆகும். சொற்பிறப்பு ஆய்வாளர்கள் இதற்கு வேறு விளக்கம் சொல்லலாம். ஆயினும் மாளிகைக்குள் நுழையும் பயணி இவ்விரு சொற்களையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

அயலார் வீட்டுக் கணக்கு

முதலில் அயலார் வீடுகளை எடுத்துக்கொள்வோம். அயலாரிடம் கணக்குக் கேட்பது எவருக்கும் எளிது.

அமெரிக்காவின் ரோட் ஐலண்டு மாநிலத்தில் நியூபோர்ட் என்றொரு கடலோர ஊர் உண்டு. ஆலைகளாலும் இரயில் பாதைகளாலும் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பங்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மாளிகைகளை எழுப்பின. அவற்றுள் தலையாயது ‘பிரேக்கர்ஸ்’. இரயில்வே அதிபர் இரண்டாம் கொர்னிலியஸ் வாண்டர்பில்ட் 1893-இல் கட்டத் தொடங்கி 1895-இல் முடித்தார். அறைகள் எழுபது. கோடையில் சில வாரங்கள் தங்குவதற்கான இவ்வகை வீடுகளை அக்குடும்பங்கள் ‘குடில்’ என்றே அழைத்தன! அதன் அதிபர் 1899-இல் காலமானார். எழுபது அறைகளை அவர் அனுபவித்தது நான்கைந்து கோடைகளே. 1972-இல் ஒரு பாதுகாப்புச் சங்கம் அதனை விலைக்கு வாங்கியது. இன்று அது கட்டணம் பெற்றுக் காட்டப்படும் காட்சிச்சாலை.

அங்கே பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் பளிங்கையும் பொன்முலாமையும் வருணித்தார். அந்த 1893-ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் வங்கிகளும் இரயில்வே நிறுவனங்களும் வரிசையாக வீழ்ந்து, எண்ணற்றோர் வேலையிழந்த ஆண்டு என்பதையும், மறு ஆண்டே இரயில்வேத் தொழிலாளர் வரலாறு காணாத வேலைநிறுத்தம் செய்தனர் என்பதையும் நாம் நினைவூட்டினோம். “உண்மைதான் ஹஜ்ரத், அந்தக் கணக்கையும் சேர்த்தால்தான் வீடு முழுதாகத் தெரிகிறது” என்றார். பிற நாட்டான் வீடு ஆதலால் ஒப்புக்கொள்வது எளிதாயிற்று.

நம் சென்னைக் கடற்கரையிலேயே இதற்கு உறவான கட்டடம் ஒன்று உண்டு. ஆவடியில் மின்தொடர் வண்டி ஏறினால் அரைநாளில் பார்த்துத் திரும்பிவிடலாம். ஐஸ் ஹவுஸ் என்று மக்கள் அழைத்த, இன்றைய விவேகானந்தர் இல்லத்தையே சொல்கிறோம். பாஸ்டன் நகர வணிகர் பிரெடரிக் டியூடரின் நிறுவனம், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளில் பனிக்கட்டியை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, மாதக்கணக்கில் கப்பலில் கொண்டுவந்து விற்றது. அதனைச் சேமித்து வைக்க 1842-இல் கட்டிய கிடங்கு அது. இந்தியாவில் அந்நிறுவனம் கட்டிய மூன்றனுள் எஞ்சி நிற்பது அதுவொன்றே. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை வந்தவுடன் அந்த வாணிபம் உருகிப்போயிற்று. பின்னர் வழக்குரைஞர் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கி மாளிகையாக மாற்றினார். 1897-இல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். 1917-இல் அரசு அதனை வாங்கியது. சகோதரி சுப்புலட்சுமி, இளம் வயதிலேயே கைம்பெண்ணாகிக் கல்வி மறுக்கப்பட்ட சிறுமியரை அங்கே தங்கவைத்துப் படிக்கவைத்தார்.

ஐரோப்பியர் குடித்த பானத்துக்குப் பனிக்கட்டி வைத்திருந்த அந்தக் கட்டடத்துக்கு உண்மையான மதிப்பு எப்போது வந்தது? மொட்டையடிக்கப்பட்டு மூலையில் உட்கார வைக்கப்பட்ட பெண் குழந்தை அதன் மாடியில் அமர்ந்து கடற்காற்றில் பாடம் படித்தபோதுதான் என்பது நம் கருத்து.

இதுவரை வாசகர்கள் தலையசைத்திருப்பார்கள். இனி நம் வீட்டுக்கு வருவோம்.

நம் வீட்டுக் கணக்கு

சேப்பாக்கம் அரண்மனையைக் கடந்து செல்லும்போதெல்லாம், “இது நம் நவாபு கட்டியது” என்று பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டாத தந்தை நம்மில் குறைவு. ஆற்காட்டு நவாபு முஹம்மது அலீ வாலாஜாஹ் 1768-இல் கடலை நோக்கி அதனை எழுப்பினார் என்பது உண்மை. அவர் கம்பெனி அதிகாரிகளிடம் கொடிய வட்டிக்குக் கடன் வாங்கிக் குவித்தார் என்பதும், கடன் கொடுத்தவர்களுக்கு மாவட்டங்களின் நிலவரி எழுதிக் கொடுக்கப்பட்டது என்பதும், அந்தச் சுமை உழவன் முதுகில் இறங்கிற்று என்பதும் அவ்வாறே உண்மை. அந்தக் கடன்களைப் பற்றி 1785-இல் ஆங்கிலப் பாராளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் முழங்கினார். 1801-இல் கருநாடக ஆட்சி கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1855-இல் பட்டப்பெயர் தாங்கிய கடைசி நவாபு வாரிசின்றி இறந்தார். 1859-இல் அரண்மனை விற்பனைக்கு வந்து அரசின் உடைமையாயிற்று. ஆயினும் அதே நவாபின் குடும்பம் 1795-இல் எழுப்பிய திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் எவர் கைக்கும் போகவில்லை. தமக்கென வைத்துக்கொண்டது போயிற்று; மக்களுக்கென விட்டது நிற்கிறது. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால் நவாபின் பெருமை குறையுமா, கூடுமா?

கீழக்கரைக்கு வருவோம். பெரிய தெருவொன்றில் ஒரு பழைய வீடு, பெயர் வேண்டாம். உயர்ந்த திண்ணை, பருத்த தேக்குத் தூண்கள், சித்திர வேலைப்பாடமைந்த நிலைக்கதவு. வீட்டார் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். கல்யாணம், மவுத்து என்றால் மட்டும் கதவு திறக்கும். எழுபது வயதைக் கடந்த அம்மையார் ஒருவர் சாவி வைத்திருந்தார். அன்போடு திறந்து காட்டினார். உடன் வந்த அன்பர் ஒருவர், முத்து வாணிபம், இரத்தின வாணிபம், இலங்கை, பர்மா என்று வீட்டு முதலாளியின் புகழை அடுக்கினார்.

அம்பத்தூர்ச் சிறுவன் ஒருவன் தூணைத் தடவிப் பார்த்து, “இதை எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள்?” என்றான். அவன் தந்தை தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறைத் தொழிலாளி. எத்தனை பேர் என்று எவருக்கும் தெரியவில்லை. நாம் அம்மையாரை நோக்கி, “உம்மா, பழைய கணக்குப் புத்தகம் ஏதாவது இருக்கிறதா?” என்று வினவினோம்.

“பேரேடா, அசரத்து? பரணிலே ரெண்டு பெட்டி நெறைய இருந்துச்சு. எங்க வாப்பாதான் இந்த வீட்டுக் கணக்கு எழுதுனாங்க. பாதி தமிழு, பாதி அரபுத் தமிழு. போன கல்யாணத்துக்கு வெள்ளையடிக்கும்போது, கரையான் அரிச்சிருக்குன்னு எறக்கி வெந்நீர் அடுப்பிலே போட்டுட்டாங்க” என்றார்.

நம் நெஞ்சு துணுக்குற்றது. தூணுக்கு மெருகெண்ணெய் பூசியிருக்கிறார்கள், நிலைக்கதவின் பித்தளைக் குமிழைத் துலக்கியிருக்கிறார்கள், எழுத்தை எரித்துவிட்டார்கள். 1898-இல் மறைந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் இருந்து அரபுத் தமிழில் நூலியற்றிய ஊர் அது. தோணியில் எது ஏறிற்று, யாருக்குக் கூலி என்ன, எந்த முஸாபருக்குச் சோறு, எந்த ஏழைப் பெண்ணின் நிக்காஹுக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்தப் பேரேடுகளில் இருந்திருக்கும். முதலாளியின் புகழுக்கேகூட நல்ல சாட்சி அதுவாகத்தான் இருந்திருக்கும். கணக்கு எரிந்த பிறகு எஞ்சுவது தூண் மட்டுமே, தூணோ பேசாது.

முத்தின் கணக்கையாவது நாம் அறிவோம். மன்னார் வளைகுடாவில் மூழ்குவோர் கயிற்றில் கட்டிய கல்லின்மீது காலூன்றி ஆழத்தில் இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை வாரிக்கொண்டு மேலேறுவர். பரதவர், கடையர், நம் கரையோர முஸ்லிம்கள், அரபு நாட்டிலிருந்து வந்தோர் என அவர்கள் பல இனத்தார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் மரிச்சுக்கட்டி முதலிய இடங்களில் குளிப்பு நடந்தபோது, எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூன்றில் ஒரு பங்கே மூழ்கியோருக்கு. அப்பங்கையும் கயிறு பிடிப்போரோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். அரசின் பங்கு ஏலத்தில் வணிகர் கைக்கு வரும். பின்னர் ஜப்பானியர் வளர்த்த முத்து உலகச் சந்தையை நிரப்பிற்று. இயற்கை முத்தின் விலை சரிந்தது. தூத்துக்குடிக் கரையில் 1961-க்குப் பிறகு பெருங்குளிப்பு நடக்கவில்லை. முத்தை வாங்கி விற்றவர் வீட்டைப் பார்க்கப் பேருந்து போகிறது. முத்தை எடுத்தவர் வீடு எந்தத் தெருவில் இருந்தது என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

நம் ஊர்களின் மக்களுக்கேனும் இது தோன்ற வேண்டாவா? அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1960-களில் தொழிற்பேட்டையும், ஆவடியில் போர் டாங்கி செய்யும் தொழிற்சாலையும் வந்தன. பேருந்தில் இருந்த தந்தையரில் பலர் பட்டறை எண்ணெயில் நகம் கறுத்தவர்கள். ஒரு பொருள் எத்தனை கைகளைக் கடந்து உருவாகிறது என்று பிறர் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் மாளிகை வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்த அறிவையும் கூடவே கழற்றி வைத்துவிடுகிறார்கள்.

‘முன்னோரை இழிவுபடுத்தலாமா?’

“அப்படியானால் முன்னோரை இழிவுபடுத்துகிறீர்களா?” என்று சினப்போருக்கு ஒரு வினா. கீழக்கரையின் பெருஞ்செல்வர் சீதக்காதியை மூன்று நூற்றாண்டுகள் கடந்தும் தமிழுலகம் நினைவில் வைத்திருப்பது ஏன்? அவர் வீட்டில் எத்தனை அறைகள் என்று எவரேனும் கேட்டதுண்டா? உமறுப் புலவர் சீறாப்புராணம் பாட அவர் துணை நின்றார். அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றார். இருவரும் கடலோர வணிகரே. செத்தும் கொடுத்தவர் என்ற பெயர் கொடையால் வந்தது; கூரையால் வரவில்லை.

அண்மைக் காலத்துக்கும் சான்றுண்டு. சென்னைத் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிப் குடும்பத்தின் பெயரை இன்று தாங்கி நிற்பது எது? நம் பகுதியிலிருந்து சற்றுத் தொலைவிலேயே, பெரம்பூரில் உள்ள ஜமாலிய்யா அரபுக் கல்லூரி. 1951 முதல் நடைபெறும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி. 1925-இல் சுலைமான் நத்வி, 1927-இல் பிக்தால், 1929-இல் இக்பால் ஆகியோர் சென்னைக்கு வந்து ஆற்றிய பேருரைகளுக்குப் பின்னால் நின்றதும் அவர் பொருளே. அவை நூல்களாகி இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகின்றன.

தோலுக்கும் கணக்குண்டு, அதையும் மறைக்கமாட்டோம். தோல் பதனிடும் தொழில் நம்மவர் பல்லாயிரவருக்குச் சோறிட்டது. பாலாற்றை நஞ்சாக்கியதும் அத்தொழிலே என்று 1996-இல் உச்சநீதிமன்றம் கடிந்துரைத்தது. வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டைக் கிணறுகளைக் கேட்டால் சொல்லும். கொடையைச் சொல்லிக் கிணற்றைச் சொல்லாமல் விட்டால், மாளிகையில் புகழ் அடுக்கிய அந்த அன்பருக்கும் நமக்கும் வேறுபாடு யாது?

முகப்பை மட்டும் கற்றோம்

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க இயலாது. பார்த்த மாளிகை பார்த்தவன் மனத்தில் ஒரு வரைபடமாகப் பதிகிறது. நம் தெருக்களையே பாருங்கள். இருபது ஆண்டுகள் வளைகுடா வெயிலில் உழைத்தவர் மூன்றடுக்கு வீடு கட்டுகிறார். முகப்பில் பளிங்கு, உள்ளே இருவர். மேல்மாடி பூட்டிக் கிடக்கிறது. கடன் தவணை மட்டும் ஓய்வின்றி ஓடுகிறது. அதே தெருவின் மக்தப் மதரஸாவில் மழை பெய்தால் பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கி ஓதுகிறார்கள். அந்தக் கூரையின் கீழ் நாமும் இருந்து ஓதிக்கொடுத்திருக்கிறோம், ஆதலால் சொல்கிறோம்.

கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மணமகன் பெண் வீட்டில் வந்து வாழ்வதும், வீட்டைப் பெண்ணுக்கே கொடுப்பதும் வழக்கம். மகளுக்கொரு வீடு கட்டக் கடல் கடந்து தேய்ந்த தந்தையர் எத்தனையோ பேர். அது அவ்வழக்கத்தின் சுமை. ஆனால் கணவன் இறந்தாலும் பிரிந்தாலும் அப்பெண்ணைத் தெருவில் நிறுத்த எவராலும் இயலாது. அது அதன் நன்மை. நாம் அவ்வூர்களுக்குப் போய்க் கற்று வந்தது என்ன? முகப்பை மட்டும் கற்றோம். பத்திரத்தில் மகள் பெயரை எழுதுவதைக் கற்கவில்லை. பெண் வீட்டாரிடம் பணம் வாங்கி மகன் பெயரில் மாடி எழுப்புகிறோம். கண்ணால் பார்த்துக் கணக்கைக் கேளாததன் பயன் இதுதான்.

செய்ய வேண்டியது

குறை கூறுவதோடு நில்லாமல் சிலவற்றை முன்வைக்கிறோம். மாளிகை பார்க்கச் செல்லும் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். பொருள் எங்கிருந்து வந்தது? யார் உழைத்தார்? யார் வாழ்ந்தார்? இன்று யாருக்குப் பயன்? இந்நான்கையும் கேட்டு எழுதட்டும். விடை கிடைக்காத இடத்தில் ‘கிடைக்கவில்லை’ என்றே எழுதட்டும், அதுவும் வரலாறுதான்.

பழைய வீடுகளின் உரிமையாளரான சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வெள்ளையடிக்குமுன் பரணைப் பாருங்கள். பேரேடு, கடிதம், அரபுத் தமிழ் ஏடு எதுவாயினும் அடுப்புக்கும் பழைய காகிதக் கடைக்கும் அனுப்பாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் அரபுக் கல்லூரிகளுக்குத் தெரிவியுங்கள். ஓடி வந்து படிக்க ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆண்டில் முந்நூறு நாள் பூட்டிக் கிடக்கும் கூடத்தை ஊர்ப் பெண் பிள்ளைகள் மாலையில் அமர்ந்து படிக்கத் திறந்துவிடுங்கள். ஐஸ் ஹவுசுக்கு வந்த மதிப்பு உங்கள் இல்லத்துக்கும் வரட்டும்.

நம் ஊர்களில் வீடு கட்டுவோர் தாராளமாகக் கட்டுக. கூலியை வியர்வை உலருமுன் கொடுத்து, வட்டிக் கடன் இன்றிக் கட்டுக. அடித்தளத்துக்குச் செய்யும் செலவில் ஒரு சிறு பங்கை மதரஸாக் கூரைக்கு எடுத்து வைத்துவிட்டுக் கட்டுக.

விழுப்புரத்தில் நம்மிடம் வருந்திய பெரியவருக்கு இதுவே நம் விடை. அந்தச் சிறுவன் கேட்ட கேள்வியால் நம் பெருமை கரையவில்லை. தூணைத் தொட்டவுடன் தூக்கியவர்களை நினைத்த பிள்ளை ஒருவன் நம் கூட்டத்தில் இருந்தான் என்பதே அப்பயணத்தில் நாம் கண்ட பெருமை. வரும் விடுமுறையில் ஐஸ் ஹவுசுக்கும் வாலாஜா பள்ளிவாசலுக்கும் பிள்ளைகளை அழைத்துச் செல்லவிருக்கிறோம். அவரும் பேரப் பிள்ளைகளோடு அவசியம் வர வேண்டும். நோட்டுப் புத்தகங்களை நாமே வாங்கி வைத்திருக்கிறோம்.